கேமிங் கம்ப்யூட்டர்: முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேமிங் கம்ப்யூட்டர் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பல சிக்கல்களுக்கு மூலம் ஒன்றாகவே இருக்கிறது: பொருளின் பாதிப் பெயரைக் கேட்டுவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறோம். அதனால் முதல் கடிதத்துக்கே பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: என் மகன் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், கேமிங் பிசி' என்று ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் மலிவாக வருகிறது. ஐ7 என்றால் ஐ5-ஐவிட உயர்ந்ததுதானே? வாங்கலாமா? — ஒரு வாசகி, திண்டுக்கல்

'ஐ7' என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, அம்மா. ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே காலத்தில் வந்த பிராசசர்களுக்குள் எது மேல், எது கீழ் என்று காட்டும் வகுப்புதான். நடுவில் பத்து வருடம் ஓடிவிட்டால் அந்த வகுப்புக்கு மதிப்பில்லை. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-2600 என்று பதில் வந்தால் அது 2011இல் வந்த சரக்கு. 4 கோர் (கணக்குப் போடும் தனித்தனி அலகு), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). 2022இல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். புது ஐ3 பழைய ஐ7-ஐ ஓரங்கட்டிவிடும்.

இன்டெலில் தலைமுறையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதுதான் தலைமுறை. 2600 என்றால் 2, 8700 என்றால் 8, 12400 என்றால் 12. (2024இல் வந்த 'கோர் அல்ட்ரா' டெஸ்க்டாப் வரிசையில் இந்தக் கணக்கு மாறிவிட்டது, செகண்ட் ஹேண்டில் இப்போதைக்கு அது உங்கள் கண்ணில் படப்போவதில்லை.) 8ஆம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே எட்டுக்குக் கீழே இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்போம்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தும் வரும். 'எஃப்' இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. 'கே' என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு 'இசட்' வரிசை மதர்போர்டும் (எல்லாப் பாகங்களையும் சொருகும் பலகை) நல்ல கூலரும் வேண்டும். மகனுக்கு அது தேவைப்படாது. ஏஎம்டி ரைசனில் 5600 என்பதில் உள்கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. 'எக்ஸ்3டி' என்று முடிந்தால் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) அதிகம்: 7800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. கேமுக்கு அது நேரடியாகப் பயன்படும், அதற்கேற்ற விலையும் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படி மலிவாக வருபவற்றில் பல, அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப்கள். கேபினட் ஒல்லியாக இருந்தால் முழு உயர கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகாது. எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டரோடு வருவதால் வெளியில் வாங்கி மாற்றவும் முடியாது. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, கிராபிக்ஸ் கார்டுக்கான 6 அல்லது 8 பின் வயர் உள்ளே தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது கேமிங் பிசி இல்லை, விளக்குப் போட்ட ஆபீஸ் பிசி.

கேள்வி: நானே அசெம்பிள் செய்தேன். ஐ5-12400எஃப், ஆர்எக்ஸ் 6600. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்'. — கல்லூரி மாணவர், தென்காசி

முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போங்கள். எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் சொருகியிருந்தால் பிடுங்கி, கீழே படுக்கைவசமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். உங்கள் பிராசசர் 'எஃப்' என்பதால் மதர்போர்டு துளை வெறும் அலங்காரம். ('எஃப்' இல்லாதவர்களுக்கு இதைவிட மோசமான நிலை: படம் வந்துவிடும், கேம் மட்டும் நொண்டும். மாதக்கணக்கில் கார்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.)

வயர் சரியாக இருந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு 8 பின் வயர் ஒன்று தனியாகக் கொடுக்க வேண்டும். மதர்போர்டின் இடது மேல் மூலையில் பிராசசருக்கென்று இன்னொரு 8 பின் துளை இருக்கும். முதல்முறை அசெம்பிள் செய்கிறவர்கள் அதிகம் மறப்பது அதைத்தான். இரண்டுமே 8 பின் என்றாலும் ஒன்றுக்கொன்று மாற்றக் கூடாது: பிராசசர் வயர் 4+4 என்று பிரியும், கார்டு வயர் 6+2 என்று பிரியும். அழுத்தி நுழைத்தால் போகிறதே என்று நுழைத்துவிடாதீர்கள்.

அடுத்தது ரேம். கழற்றி, இரு முனையிலும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். பழுது எங்கே என்று அதுவே சொல்லிவிடும். டிராம் நின்றால் ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகைப் போர்டும் டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேமும் வைத்திருப்பவர்களுக்கு: முதல் தடவை போடும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள். பழைய பி450 போர்டில் ரைசன் 5600 போட்டவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ்தான். புதுப்பிக்கும்வரை அந்தப் போர்டுக்கு 5600 யாரென்றே தெரியாது.

கேள்வி: '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' போட்டும் கேம் ஓடவில்லை. கேமுக்குத் தேவை 4 ஜிபி என்றுதான் போட்டிருக்கிறது. கார்டு: ஜிடி 730. — ஒரு வாசகர், கரூர்

கார்டின் ஜிபி என்பது மேசையின் அகலம் மாதிரி. வேலை செய்கிற ஆளின் கை வேகத்தை அது சொல்லாது. ஜிடி 730 என்பது 2014இல் படம் காட்டுவதற்கென்று வந்த கார்டு. கடைகளில் அதிகம் ஓடிய 4 ஜிபி மாடலில் இருப்பது 64 பிட் அகலப் பாதையில் டிடிஆர்3 நினைவகம், நொடிக்கு 14.4 ஜிபி தரவுதான் அதில் போகும். அதே 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1650 பாதை 128 பிட், நினைவகம் ஜிடிடிஆர்5, நொடிக்கு 128 ஜிபி. கணக்குப் போடும் கோர்கள் 384-க்கு 896. கேம் கம்பெனி 4 ஜிபி என்று சொல்லும்போது அதன் பக்கத்தில் ஒரு கார்டின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் முக்கியம்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கப்போனால் 12 ஜிபியா 8 ஜிபியா என்று கேட்க வேண்டும். 8 ஜிபியில் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3050-யில் 8 ஜிபிக்கு 2560 கோர், 6 ஜிபிக்கு 2304 கோர். ஜிடி 1030-யிலும் இந்த வேலை நடந்தது: முதலில் ஜிடிடிஆர்5, பிறகு அதே பெயரில் டிடிஆர்4. பின்னது பாதி வேகம்கூடத் தராத கேம்கள் இருக்கின்றன.

இன்று புதிதாக வாங்குகிறவருக்கு எத்தனை ஜிபி? 1080பி (1920×1080 புள்ளிகள்) திரைக்கு 8 ஜிபி கீழ்வரம்பு. புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்தில் வைத்தால் 8 நிரம்பிவிடும். நிரம்பினால் கார்டு சிஸ்டம் ரேமில் கடன் வாங்கும். அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும் படம் அரை நொடி உறைந்து மறுபடி ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் தீரும். பின்னால் ஜிபியைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். அந்த நினைவகம் கார்டோடு பற்றவைத்தது.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழசுகளின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்ற கதை உலகம் முழுக்க உண்டு. விண்டோஸ்கூட அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக்கொடுத்துவிடும். கடையிலேயே திறந்து பாருங்கள். பிறகு ஒரு கேமையாவது 20 நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: ஆர்ஜிபி விளக்கு போட்ட ரேம் வேகமாக ஓடுமா? — பள்ளி மாணவர், நாகர்கோவில்

விளக்கு மட்டும் ஓடும், தம்பி.

கேள்வி: 3200 வேக ரேம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜரில் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? ஒரே 16 ஜிபியாக வாங்கியது சரிதானா? — ஒரு வாசகர், ஈரோடு

ஏமாற்றவில்லை. பெட்டியில் இருக்கும் வேகம் நீங்கள் திறந்துவிட வேண்டிய வேகம். அதுவரை ரேம் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில் ஓடும். டிடிஆர்4-இல் 2133, 2400, 2666 என்று ரேமுக்கு ரேம் மாறும், டிடிஆர்5-இல் பெரும்பாலும் 4800. கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். அந்த வேகத்தைத் திறக்கும் செட்டிங் எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ என்று போர்டுக்கு ஒரு பெயரில் இருக்கும். அதை ஆன் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். திரும்ப எழவில்லை என்றால் பதற வேண்டாம். பவர் வயரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒரே 16-ஐவிட இரண்டு 8 நல்லது. இரண்டு இருந்தால் பிராசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் எடுக்கும். தனி கார்டு உள்ளவருக்கு இதில் ஓரளவு லாபம். 5600ஜி மாதிரி உள்கிராபிக்ஸில் விளையாடுகிறவருக்கு இது பெரிய லாபம், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸுக்கும் இந்த ரேம்தான் நினைவகம். நான்கு துளை உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே பாதையில் நின்றுவிடும். நீங்கள் இன்னொரு 16 வாங்கிச் சேர்ப்பதானால் அதே கம்பெனி, அதே மாடல் எண்ணைத் தேடுங்கள். கலந்து போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். சில நேரம் எக்ஸ்எம்பி-யில் எழவே எழாது.

'சிஎல்' என்ற எண்ணைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால், கேட்டதைக் கொடுக்க எத்தனை நானோசெகண்ட் ஆகிறது என்று வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. 6000 சிஎல்30 என்றால் மறுபடி 10. எனவே டிடிஆர்5-இல் சிஎல் எண் பெரிதாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

கேள்வி: கேம் திறந்து சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ் 450 வாட். பிராசசர் ஐ5-12400, கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. வாட் போதும் என்றுதான் கணக்கு வருகிறது. கேபினட்டைத் தொட்டால் வேறு லேசாக 'சுர்'ரென்கிறது. — ஒரு வாசகர், விருதுநகர்

உங்கள் கணக்கு சரி. எஸ்எம்பிஎஸ் சொல்லும் கணக்குதான் சந்தேகம். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளைப் படியுங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று வரிசையாக இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டை மட்டும். அதற்குக் கீழே போட்டிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்; பெட்டியில் 450 என்று அச்சிட்டிருந்தாலும் உங்களுக்கு உதவுவது அந்த 180தான். நல்ல 550 வாட் யூனிட்டில் அதே இடத்தில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் இருக்கும்.

உங்கள் தேவை: 4060-க்கு 115 வாட், 12400 வகைப் பிராசசர் முழு மூச்சில் 117 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 50 அல்லது 60. முந்நூறுக்குள் அடங்கும். ஆனால் கார்டு இழுப்பது சீரான இழுப்பு இல்லை. கேமில் காட்சி மாறும் கண்ணிமைப்பில் இரட்டிப்பாகத் தாவும். தரமான யூனிட் அதைத் தாங்கும். மலிவானது வோல்ட்டேஜைக் கீழே விடும், போர்டு அதைத் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகும். பேர்பெற்ற தயாரிப்பில் 550 வாட், குறைந்தது 5 வருட வாரண்டி என்று பார்த்து வாங்குங்கள். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு: பாதி சுமையில் குறைந்தது 85 சதவீதம். தரத்துக்கு அது ஓர் அடையாளம் என்றாலும், ஷார்ட் ஆனால் அணைந்து காப்பாற்றுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது.

பழைய நாலு பின் ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டரைக் கடைக்காரர் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். 8 பின் துளை 150 வாட்வரை கேட்க உரிமை உள்ளது. அந்த மெல்லிய வயர் அதற்கு முன்பே சூடேறும். மாடுலர் (வயரைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய வயரை அப்படியே விட்டுவிட்டு பெட்டியை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. யூனிட் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. துளை பொருந்தும், டிஸ்க் எரியும்.

அந்த 'சுர்' எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த் கம்பி வழியாக இறங்க வேண்டும். வழி இல்லாவிட்டால் கேபினட்டிலேயே நிற்கும், தொட்டால் உங்கள் வழியாக இறங்கும். மூன்று பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே எர்த் கம்பி இணைத்திருக்கிறதா என்பது வேறு விஷயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

யூபிஎஸ் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு விற்கும் 600 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. 300 வாட் இழுக்கும் கேம் ஓடும்போது கரண்ட் போனால் சில நிமிடங்கள்தான். சேவ் செய்து அணைக்கத்தான் அந்த நேரம், ஆட்டத்தை முடிக்க இல்லை.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் இரண்டு கடையில் இரண்டு விலை. கார்டு ஒன்றுதானே? — வாசகி, கோயம்புத்தூர்

பெயர் ஒன்று, ஊட்டும் மின்சாரம் வேறு. 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட்வரை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள என்விடியா விட்டிருக்கிறது. ஒல்லி லேப்டாப்பில் குறைந்த வாட்டில் ஓடும் 4060-ஐ, தடிமனான லேப்டாப்பில் முழு வாட் பெறும் 4050 எட்டிப் பிடித்துவிடலாம். விவரத் தாளில் 'டிஜிபி' அல்லது 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்று தேடுங்கள். கடையில் லேப்டாப் திறந்திருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியிலேயே காட்டும். டெஸ்க்டாப் கார்டோடும் ஒப்பிடாதீர்கள்: டெஸ்க்டாப் 4070-க்கு 12 ஜிபி, 5888 கோர், லேப்டாப் 4070-க்கு 8 ஜிபி, 4608 கோர்.

ரேம் கூட்ட இடம் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்ததா என்று கேளுங்கள். சார்ஜரைச் சொருகாமல் விளையாடினால் எந்த கேமிங் லேப்டாப்பின் வேகமும் வெகுவாக இறங்கும். பேட்டரியால் அவ்வளவு வாட் கொடுக்க முடியாது. அது பழுதில்லை.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பழைய மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 60-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதானா? — ஒரு வாசகர், திருச்சி

தெரியும். உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், உங்கள் மானிட்டர் இன்னமும் 60-இல் ஓடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். விண்டோஸ் தானாக மாற்றாமல் விட்டுவிடுவது வழக்கம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பட்டியலில் 144 இல்லவே இல்லை என்றால் வயர்தான் காரணம்: எச்டிஎம்ஐ 1.4 துளையில் 1080பி-க்கு 120 ஹெர்ட்ஸ்தான் எல்லை. டிஸ்ப்ளேபோர்ட் வயருக்கு மாறுங்கள்.

ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. எஃப்பிஎஸ் என்பது கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைந்து கொடுக்கிறது என்பது. கார்டு 50 கொடுத்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வேலை இல்லை. 60-இல் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட்; 144-இல் 6.9. மவுஸை அசைத்ததும் திரையில் தெரிவதற்குள் போகும் நேரம் அந்த அளவு குறைகிறது.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. '1 சதவீத லோ' என்று விமர்சனங்களில் போடுவார்கள். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு படங்களின் வேகம் அது. சராசரி 100, லோ 35 என்றால் அடிக்கடி திக்கும். சராசரி 80, லோ 65 என்றால் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் இரண்டாவதைத்தான் எடுப்போம்.

கேள்வி: இணையத்தில் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' (எந்தப் பாகம் மற்றதைத் தடுக்கிறது என்று சொல்லும் தளம்) என் பிராசசருக்கு 18 சதவீதம் என்கிறது. மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர், சேலம்

அந்த எண்ணைக் குப்பையில் போடுங்கள். எந்த கேம், எந்தத் திரை, எந்த செட்டிங் என்று கேட்காமல் சொல்லும் சதவீதத்துக்குப் பொருள் கிடையாது. நீங்களே பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை சதவீதம் என்று திரையில் காட்ட வையுங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டு முழுதாக உழைக்கிறது, பிராசசரை மாற்றிப் பயனில்லை. 60, 70 என்று நின்றால் கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் தடுப்பது பிராசசர். சிபியு 30 சதவீதம்தானே காட்டுகிறது என்று நினைக்காதீர்கள். 12 த்ரெட்டில் இரண்டு மூன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கு முப்பதுக்குள்தான் காட்டும்.

கேள்வி: டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்றால் என்ன? — ஒரு வாசகர், காரைக்குடி

கார்டைச் சின்னப் படமாக வரையச் சொல்லி, பிறகு பெரிதாக்கிக் காட்டும் வித்தை. 1080பி-யில் 'குவாலிட்டி' வைத்தால் உள்ளே வரைவது 720பி. டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டில் மட்டும் ஓடும். 2021இல் வந்த எஃப்எஸ்ஆரின் முதல் பதிப்புகள் ஜிடிஎக்ஸ் 1650-யிலும் ஓடும். 'ஃபிரேம் ஜெனரேஷன்' வேறு: இரண்டு படத்துக்கு நடுவே கற்பனையாக ஒரு படத்தைச் சேர்க்கும். 30-ஐ 60-ஆகக் காட்டும், ஆனால் மவுஸின் கனம் 30-இல் இருப்பதுபோலத்தான் இருக்கும். ஏற்கெனவே 60 வருகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: விண்டோஸ் 11 போட்ட பிறகு வாலரன்ட் கேம் 'வான் 9001' என்று பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. — மாணவர், மதுரை

விண்டோஸ் 11-இல் அந்த கேமின் காவல் மென்பொருள் டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் எழ விடும் வசதி) இரண்டும் இருந்தால்தான் விடும். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் வேலை சுலபம்: பயாஸுக்குள் போய், இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்பதை ஆன் செய்து, பழைய முறையில் எழ வைக்கும் 'சிஎஸ்எம்'-ஐ ஆஃப் செய்து, செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள்.

'லெகசி' என்றிருந்தால் நில்லுங்கள். உங்கள் டிஸ்க் 'எம்பிஆர்' என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. அப்படியே சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸ் எழாது. முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, விண்டோஸோடு வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியால் மாற்றிவிட்டு, பிறகு பயாஸுக்குப் போங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி எண்ணை முன்னாடியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிபிஎம்-இல் கை வைத்ததும் அது அந்த எண்ணைக் கேட்கும், எண் இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது.

கேள்வி: சித்திரை வந்தால் பிராசசர் 98 டிகிரி போகிறது. லிக்விட் கூலர் வாங்கச் சொல்கிறார்கள். — ஒரு வாசகர், வேலூர்

ஐ5-12400 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு லிக்விட் கூலர் தேவையில்லை. 100 டிகிரியில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால்தான் மதியத்தில் கேம் மந்தமாகிறது. முதலில் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். 10 டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை: முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேலும் வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும், திருப்பி மாட்டியிருக்கலாம்.

இறங்கவில்லை என்றால் கூலரை அசைத்துப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று பிடிக்காமல் நிற்பது சகஜம். போர்டின் பின்புறத்தில் நான்கு கறுப்பு முனையும் வெளியே எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து அழுத்தினால் போதும், அதுவே பரவும். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள். புளோயரால் தூசி அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.